கடலோரத் தெர்மல் கேமரா: டெண்டரில் எழுத வேண்டியவை

ஆசிரியர் அவர்களுக்கு,

சின்னமுட்டம் முதல் தேங்காய்ப்பட்டணம் வரை நம் குமரி மாவட்டக் கடற்கரையின் இரவுக் கண்காணிப்புக்கு, வெப்பத்தைப் படமாகக் காட்டும் தெர்மல் கேமரா கேட்டு டெண்டர் தயாரிக்கும் அலுவலர்களின் கவனத்துக்கு:

விலைப்புள்ளிகளில் ‘என்.டி.ஏ.ஏ. விதிக்கு உட்பட்டது’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அது அமெரிக்கச் சட்டம். ஹுவாவே, இசட்.டி.இ., ஹைட்டெரா, ஹிக்விஷன், டாஹுவா ஆகிய ஐந்து சீன நிறுவனங்களின் கருவிகளுக்கு அந்நாட்டு அரசுக் கொள்முதலில் 2018-இல் போட்ட கட்டுப்பாடு. நம் டெண்டருக்கு அது சான்றாகாது.

இங்கே பார்க்க வேண்டியவை வேறு. 2020 ஜூலை 23-இல் பொது நிதி விதிகளின் 144-ஆம் விதியில் சேர்த்த பிரிவுப்படி, நம்மோடு நில எல்லை உள்ள நாட்டு நிறுவனம் அரசிடம் முன்கூட்டியே பதிவு செய்யாமல் டெண்டரில் பங்கேற்க முடியாது. மாநில அரசுக் கொள்முதலுக்கும் இது பொருந்தும். ‘மேக் இன் இந்தியா’ ஆணைப்படி உள்நாட்டு மதிப்பு 50 சதவீதம் இருந்தால்தான் முதல் வகுப்பு சப்ளையர். கண்காணிப்புக் கேமராக்களுக்கு 2025 ஏப்ரல் 9 முதல் இணையப் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயம். அந்தச் சோதனைச் சான்றிதழ், பெட்டி, கேமரா மூன்றிலும் மாடல் எண் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஏமாற்று பெரும்பாலும் உள்ளே இருக்கும். வெளிக்கூடு உள்ளூர், பெயர்ப்பலகை உள்ளூர், வெப்பத்தை உணரும் டிடெக்டரும் படத்தை உருவாக்கும் பிராசசர் சிப்பும் எங்கிருந்தோ வந்தவை. ஹைசிலிக்கான் ஹுவாவேயின் சிப் நிறுவனம் என்பது பலருக்குத் தெரியாது. டிடெக்டர், சிப் இரண்டையும் தயாரித்தவர் பெயர், மாடல் எண் இவற்றை எழுத்தில் வாங்கி, ஒரு கேமராவைத் திறந்து சரிபார்க்கலாம். கேமராவின் நெட்வொர்க் அடையாள எண்ணான மேக் (MAC) முகவரியின் முதல் ஆறு எழுத்துகளைத் தேடினாலே, அந்த எண் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். அது மட்டும் முடிவான சான்றல்ல. ஆனால் ஐந்து நிமிட வேலை.

அடுத்தது தூரம். டிடெக்டரில் 12 மைக்ரான் பிக்சல் (படப்புள்ளி), 50 மி.மீ. லென்ஸ் என்றால் ஒரு கிலோமீட்டரில் ஒரு பிக்சல் 24 செ.மீ. அகலத்தைக் காட்டும். அரை மீட்டர் அகலமுள்ள ஆள் இரண்டு பிக்சல்தான். ‘ஏதோ இருக்கிறது’ என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாத இந்தத் தூரத்தைத்தான் விளம்பரம் ‘கண்டறியும் தூரம்’ என்கிறது. தண்ணீரில் தத்தளிப்பவருக்குத் தலை மட்டுமே தெரியும்; அரைக் கிலோமீட்டரிலேயே அதுவும் இரண்டு பிக்சலாகிவிடும். ஒக்கிப் புயலைப் பார்த்த மாவட்டத்தில் இந்தக் கணக்கை டெண்டருக்கு முன்பே போட்டாக வேண்டும்.

குமரிமுனையில் சூரியன் கடலில் உதித்துக் கடலிலேயே மறைவதால், சுழலும் கேமரா காலையும் மாலையும் நேராகச் சூரியனைப் பார்க்கும். குளிரூட்டாத டிடெக்டரில் அது தழும்பை விட்டுவிடக்கூடும்; சில சமயம் அது அழியாமலே போகலாம். ஆகவே சூரியக் காப்பு ஷட்டரைக் கட்டாயமாகக் கேளுங்கள். சாதாரணக் கண்ணாடி வெப்பக் கதிரை விடாது என்பதால் முன்ஜன்னல் பெரும்பாலும் ஜெர்மேனியம்தான். அதில் உப்பும் கருமணலும் படிந்திருக்கும்போது துணியால் துடைத்தால் பூச்சு கீறிப்போகும். முதலில் நல்ல தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும், பிறகுதான் மெல்லிய துணி. பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இதை எழுதிவிடுங்கள்.

விளம்பரத்தில் சொல்லும் தூரம் வறண்ட காற்றுக்கானது. ஏற்புச் சோதனையை ஏ.சி. அறையில் முடிக்காமல், ஆடிச் சாரல் அடிக்கும் இரவில் குளச்சலில் வைக்க வேண்டும். ஒரு வள்ளத்தை மூன்று கிலோமீட்டருக்கு அனுப்பிப் பார்க்கட்டும். விடியலிலும் அந்தியிலும் தண்ணீரும் ஃபைபர் வள்ளமும் ஒரே சூட்டுக்கு வந்து படத்தில் கலந்துவிடும். அந்த நேரங்களிலும் ஒருமுறை பார்த்த பிறகே பில்லில் கையெழுத்துப் போடுங்கள்.

வாசகர்,
நாகர்கோவில்.