கடைக்கோடிக் குழாயிலும் குளோரின் அளவைச் சோதிக்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

கல்குளம் வட்டத்தில் நான் வசிக்கும் பேரூராட்சியில், இடவப்பாதி எனும் தென்மேற்குப் பருவ மழையில் ஆறு கலங்கும் நாட்களில் வீட்டுக் குழாயிலும் செம்மண் நிறத்தில் தண்ணீர் வருவதால், சீரகமிட்டுக் கொதிக்கவைத்தே குடிக்கிறோம். குடிநீருக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 10500-இன்படி, எஞ்சிய குளோரின் (கிருமிகளைக் கொன்றபின் நீரில் மிஞ்சும் குளோரின்) லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. 100 மில்லிலிட்டர் மாதிரியில் ஈ.கோலி கிருமி அறவே இருக்கக் கூடாது. கலங்கிய நீரில் குளோரினின் பெரும்பகுதி சேற்றிலும் இலைமக்கிலுமே செலவாகிவிடுவதால், மேல்நிலைத் தொட்டியில் மட்டும் அளப்பது போதாது. கடைக்கோடித் தெருக் குழாயிலும் அளக்க வேண்டும். சில நிமிடங்களே பிடிக்கும் இந்தக் குளோரின் சோதனையின் முடிவை, வாரந்தோறும் தேதியிட்டு அலுவலக அறிவிப்புப் பலகையில் எழுதிவைக்குமாறு பேரூராட்சி நிர்வாகத்தைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், கல்குளம் வட்டம், கன்னியாகுமரி மாவட்டம்.