முதுமையில் எதிர்ப்பு சக்தி: ‘குறைகிறது’ என்ற சொல் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வயதானால் நோய் எதிர்ப்பு சக்தி குறைகிறது, குரங்குகளிலும் இதுவே உறுதியாகியிருக்கிறது என்று தங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். அந்தக் ‘குறைகிறது’ என்ற சொல்தான் எங்களை எழுத வைத்தது. இருபது வயதைத் தாண்டிய ரீசஸ் குரங்கின் (ஆய்வுகளில் அதிகம் பயன்படும் இனம்) ரத்தத்தில் வெள்ளணுக்களை எண்ணினால், மொத்தக் கணக்கு சாதாரண வரம்புக்குள்ளேயே இருக்கக்கூடும். எதற்கு எத்தனை அணுக்கள் ஒதுங்கியிருக்கின்றன என்ற பங்கீடு மாறிப்போயிருக்கும். ஒரு பக்கம் வற்றுகிறது, இன்னொரு பக்கம் நிரம்பி வழிகிறது.

முதலில் வயதுக் கணக்கு. ரீசஸின் ஓராண்டை மனிதரின் மூன்று ஆண்டாகக் கொள்வது வழக்கம். வளர்ப்பில் பெரும்பாலானவை 25 வயதை ஒட்டி இறந்துவிடும். 40-ஐத் தொடுபவை மிக அபூர்வம். எனவே 20 வயதுக் குரங்கு அறுபது வயதுக்காரர். ‘வயதான குரங்கு’ என்று மட்டும் எழுதினால் அது 12 வயதா 22 வயதா என்று வாசகருக்குத் தெரியாது. இவ்விரண்டின் ரத்தமும் ஒன்றல்ல.

வற்றுவது எது? நெஞ்செலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே உள்ள தைமஸ் சுரப்பிதான் டி செல்கள் என்ற வெள்ளணு வகை முதிரும் இடம். பருவம் எய்திய பிறகு அது சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு பிடித்துக்கொள்கிறது. மனிதரிலும் இதே கதைதான். எதிரியை இதுவரை சந்திக்காத புது டி செல் ஒவ்வொன்றும் தனக்கென ஓர் ஏற்பி வைத்திருக்கும். முன்பின் பார்க்காத கிருமி நுழையும்போது, அதைப் பிடிக்கும் ஏற்பி உள்ள செல் கையிருப்பில் இருந்தால்தான் வேலை தொடங்கும். தைமஸிலிருந்து வரத்து குறையும்போது, மீதமிருக்கும் புதுச் செல்கள் தாமே பிரிந்து எண்ணிக்கையைச் சரிக்கட்டப் பார்க்கின்றன. சிக்கல் இங்கேதான். அடிக்கடி பிரியும் செல், ஏற்கெனவே சந்தித்த கிருமியை நினைவில் வைத்திருக்கும் நினைவுச் செல்லின் குணத்துக்கு மாறிவிடுகிறது. கையிருப்பு ஓர் அளவுக்குக் கீழே போனதும், மிஞ்சியவை இன்னும் வேகமாகப் பிரிகின்றன; அதனாலேயே இன்னும் வேகமாகத் தீர்கின்றன. முதிய ரீசஸ்களுக்குத் தடுப்பூசி போட்டுப் பார்த்தபோது, யாரிடம் புது டி செல்கள் அருகி, ஏற்பிகளின் வகையும் சுருங்கியிருந்ததோ அவற்றின் எதிர்வினைதான் மோசமாக இருந்தது.

எலி ஆய்வை எடுத்துக் குரங்குக்கும் மனிதருக்கும் அப்படியே பொருத்துவது ஏன் தவறு என்பதும் இதில்தான் இருக்கிறது. எலியில் புது டி செல்களை வாழ்நாள் முழுக்கப் பெரும்பாலும் தைமஸே கொடுத்துக்கொண்டிருக்கிறது. வளர்ந்த மனிதரில் பெரும்பங்கு வெளியே நடக்கும் செல்பிரிவால் வருகிறது. செல்லின் மேற்பரப்பு அடையாளங்களும் வேறு. ரீசஸில் சிடி28 என்ற அடையாளப் புரதம் இருந்து, சிடி95 என்பது இல்லாவிட்டால் அது புதுச் செல். சிடி95 ஏறிவிட்டால் நினைவுச் செல். சிடி95 ஏறி, சிடி28-ம் உதிர்ந்திருந்தால் பலமுறை பெருகிக் களைத்த செல். வயதோடு இந்த மூன்றாவது வகை சேர்வது மனிதருக்கும் குரங்குக்கும் பொதுவானது. எலியில் சிடி28 இப்படி உதிர்வதில்லை.

நிரம்பி வழியும் பக்கத்துக்கு வருவோம். சைட்டோமெகலோ வைரஸ் ஒருமுறை புகுந்தால் ஆயுள் முழுக்க உடலில் தங்கும். ரீசஸ் கூட்டங்களில் அதன் குரங்கு வகை ஒரு வயதுக்குள் ஏறக்குறைய எல்லாக் குட்டிகளுக்கும் தொற்றிவிடுகிறது. மனிதரில் தொற்று உள்ளவர்களின் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸைக் காவல் காக்கிறது. முதியவர் சிலரில் இன்னும் அதிகம். ஆனால் பழியை எல்லாம் வைரஸின் தலையில் போட முடியாது. அது இல்லாத உடலிலும் தைமஸ் சுருங்கத்தான் செய்யும்.

இத்துடன் அழற்சி. இன்டர்லியூக்கின்-6, சி-ரியாக்டிவ் புரோட்டீன் போன்ற அழற்சியைக் காட்டும் ரத்தப் புரதங்கள் நோய் எதுவும் இல்லாமலே சற்று உயர்ந்து நிற்கும். அணைக்காத அடுப்பு மாதிரி. ‘எதிர்ப்பு சக்தியை ஏற்றுங்கள்’ என்று கட்டுரை முடித்திருப்பது எங்களுக்கு உறுத்தியது இதனால்தான். எதை ஏற்றுவது? அழற்சிக் கை ஏற்கெனவே ஏறித்தான் இருக்கிறது. இறங்கியிருக்கும் புதுச் செல் கையிருப்பை எந்தப் பொடியும் நிரப்பாது.

வயது மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை என்பதற்குக் குரங்குகளிடமே சான்று இருக்கிறது. 1938-ல் இந்தியாவிலிருந்து 409 ரீசஸ்களைக் கொண்டுபோய் போர்ட்டோ ரிக்கோவை ஒட்டிய காயோ சாண்டியாகோ தீவில் விட்டார்கள். அவற்றின் வழிவந்தவை 2017 செப்டம்பரில் மரியா புயலில் சிக்கின. புயலைக் கடந்தவற்றின் எதிர்ப்புச் செல்களில் மரபணுக்கள் இயங்கும் விதம், சராசரியாக இரண்டு ஆண்டு கூடுதலாக மூப்படைந்ததுபோல் இருந்ததாக 2022-ல் வெளியான ஆய்வு காட்டியது. சராசரிதான், எல்லாக் குரங்குகளும் ஒரே அளவு பாதிக்கப்படவில்லை. இன்னொரு ஆய்வில் பெண் ரீசஸ்களைப் புதுக் குழுக்களாகச் சேர்த்தபோது, அடிமட்டத்தில் இருந்தவற்றில் அழற்சி மரபணுக்கள் கூடுதலாக இயங்கின. குழுவைக் கலைத்து மாற்றியமைத்ததும் புதிய தரவரிசைக்கு ஏற்ப அதுவும் மாறியது.

உணவைக் குறைத்தால் இளமை நீடிக்கும் என்ற கட்டுரையின் பத்தியிலும் பாதிதான் இருக்கிறது. அமெரிக்காவில் 1987-லும் 1989-லும் தொடங்கிய இரண்டு நீண்ட ஆய்வுகளில் ரீசஸ்களுக்குச் சுமார் 30 சதவீதம் கலோரி குறைக்கப்பட்டது. 2009-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகக் குழு பலன் உண்டு என்றது. 2012-ல் தேசிய முதுமை ஆய்வு நிறுவனம் ஆயுள் கூடவில்லை என்றது. விஸ்கான்சின் ஆய்வின் தீவனத்தில் சர்க்கரை சுமார் 28 சதவீதம், தேசிய நிறுவனத்தின் ஆய்வில் 4-க்கும் கீழ். ஒப்பிட வைத்த குரங்குகளும் விஸ்கான்சின் ஆய்வில் விரும்பிய அளவு தின்றன. டி செல்களைப் பொறுத்தவரை, இளம் முதிர்பருவத்தில் தொடங்கினால்தான் பலன். குட்டியிலோ முதுமையிலோ தொடங்கினால் அது கிடைக்கவில்லை. அறுபதைக் கடந்த வாசகர் கட்டுரையை நம்பிப் பட்டினி கிடந்தால் யார் பொறுப்பு?

அளவிடுவதிலும் கோட்டை விட நிறைய இடமுண்டு. துரத்திப் பிடித்த குரங்கின் ரத்தத்தில் நியூட்ரோஃபில் என்ற வெள்ளணு வகை ஏறி, டி செல்கள் அடங்கிய லிம்போசைட் வகை இறங்கியிருக்கும். அது மூப்பல்ல, பயம். நாளின் நேரம் மாறினாலும் கணக்கு மாறும். எனவே ஒரே நேரத்தில், ஒரே மயக்க முறையில் எடுக்க வேண்டும். மனித ரத்தத்துக்கு வழக்கமாகப் பயன்படும் யுசிஎச்டி1 என்ற எதிர்ப்பொருள் (டி செல்லின் சிடி3 அடையாளத்தில் ஒட்டி அதைக் காட்டிக்கொடுப்பது) ரீசஸில் ஒட்டாது, எஸ்பி34-2 என்ற வேறொன்று வேண்டும். இதைக் கவனிக்காவிட்டால் டி செல்லே இல்லாத குரங்கைக் கண்டுபிடித்துவிடலாம்! தவிர, உடலின் லிம்போசைட்டுகளில் சுமார் 2 சதவீதமே ரத்தத்தில் ஓடுகிறது. மிச்சமெல்லாம் நிணநீர் முடிச்சு, மண்ணீரல், குடல் முதலிய திசுக்களில்.

கட்டுரை தொடாமல் விட்ட பயனுள்ள செய்தி தடுப்பூசியைப் பற்றியது. அக்கி அம்மைக்கான பழைய உயிர்த் தடுப்பூசி 60 வயதுக்கு மேற்பட்டோரில் சுமார் 51 சதவீதமே காத்தது. 70-ஐத் தாண்டியவர்களில் 38. வைரஸின் ஒரு புரதத்தோடு, எதிர்வினையைத் தூண்டும் வலுவான துணைப்பொருளைச் சேர்த்து, 2 முதல் 6 மாத இடைவெளியில் இரண்டு தவணையாகப் போடும் புதிய ஊசி 70-ஐத் தாண்டியவர்களிலும் 90 சதவீதத்தை ஒட்டிக் காக்கிறது. முதியோருக்கான உயர் அளவு ஃப்ளூ ஊசியில் ஒவ்வொரு வைரஸ் வகைக்கும் வழக்கமான 15-க்குப் பதில் 60 மைக்ரோகிராம் புரதம் இருக்கிறது. முதிய உடலையும் விழிக்க வைக்கலாம், தட்டும் விதத்தில் தட்டினால். திருத்தம் வெளியிடுவதானால் இந்தப் பத்திக்காவது இடம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
குரங்கின நோயெதிர்ப்பியல் ஆய்வில் உள்ள வாசகர்கள்