புதன்கிழமைப் படங்கள்

அன்புள்ள மக்களே,

நீ அனுப்பிய பந்திப்பூர் படங்களைப் பார்த்தோம். குண்டல்பேட்டை சூரியகாந்தித் தோட்டம் அம்மாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. போனை எடுத்துக்கொண்டு மேலவீட்டு மாமியிடம் ஓடினாள். "எங்க பயலு பெங்களூரில் இருந்து ஊட்டி வரை ஒத்தையா பைக்குல போயிருக்கான்" என்று பெருமை. எனக்கும் பெருமைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மான்கூட்டத்துக்கு முன்னால் ஸ்டாண்டு போட்டு நிறுத்தியிருக்கிறாயே, காட்டுக்குள் வண்டி நிறுத்தக்கூடாது என்று எழுதி வைத்திருப்பது உனக்குத் தெரியாதா? படித்தவன் நீ.

யானை நின்றால் ஹாரன் அடிக்காதே, ஆக்சிலேட்டரை முறுக்காதே. குட்டியோடு நின்றால் தூரத்திலேயே நின்றுகொள். பஸ்ஸோ லாரியோ வந்தால் அதன் பின்னாலேயே ஒட்டிப் போய்விடு. பந்திப்பூரில் காட்டு ரோட்டை ராத்திரி 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள், 2009-இல் இருந்தே அப்படித்தான். கேட்டைப் பிடிக்க வேண்டும் என்று எட்டரை மணிக்கு விரட்டாதே. மசினகுடியில் ஒரு ரூம் எடுத்துத் தூங்கினால் என்ன குறைந்துவிடும்? கல்லட்டியில் 36 கொண்டை ஊசி வளைவு ஏறியிருக்கிறாய், சரி. இறங்கும்போது கூடலூர் வழியாகவே இறங்கு. ஹெல்மெட் வாரைப் பூட்டு. சும்மா தலையில் வைத்தால் போதாது. சித்தப்பாவின் முழங்காலை நினைத்துக்கொள்.

இங்கே இடவப்பாதி மழை பிடித்துவிட்டது. ரப்பர் பால்வெட்டு இல்லை. அக்கா மகள் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். கிணற்றடி ஏத்தன் வாழை குலை தள்ளியிருக்கிறது.

அம்மா ஒன்று கேட்டாள், "புதன்கிழமை அவனுக்கு என்ன லீவு?" என்று. கம்ப்யூட்டர் கம்பெனியில் அப்படித்தான், மாற்றி மாற்றிக் கொடுப்பார்கள் என்று சொல்லிவைத்தேன். நாகரஹொளே போனது செவ்வாய்க்கிழமை. அதை அவள் கவனிக்கவில்லை. நீ ஞாயிற்றுக்கிழமை போன் செய்வதும் நின்று ஒரு மாசம் ஆகிறது. பணம் மட்டும் தேதி தவறாமல் வருகிறது. பணத்தையா கேட்டோம்?

ஹெல்மெட் வாரைப் பூட்ட மறக்காதே.

உன்னிடம் சொல்லாத ஒன்று உண்டு. நீ மூன்றாம் வகுப்பு படிக்கும்போது ரப்பர் விலை விழுந்ததே, அப்போது கடையில் கணக்குக்கு ஆள் வேண்டாம் என்று என்னை நிறுத்திவிட்டார்கள். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை. காலையில் குளித்து, சட்டை மாட்டி, தூக்குச்சட்டியில் சோறு வாங்கிக்கொண்டு அந்த ராஜ்தூத்தில் கிளம்புவேன். குலசேகரத்தில் திரும்பாமல் நேரே பேச்சிப்பாறை அணை. அணையைக் கட்டிய வெள்ளைக்கார இன்ஜினியர் மூக்கன் துரையின் கல்லறைப் பக்கம் உட்கார்ந்திருப்பேன். அணையில் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் பார்ப்பேன், எனக்கு அதில் என்ன வேலை? பன்னிரண்டு மணிக்கே சோற்றைத் தின்றுவிட்டு, கோதையாறு ரோட்டில் பெட்ரோல் இருக்கும் மட்டும் ஓட்டுவேன். மரச்சீனி விளைகள், அப்புறம் காடு, குளிர்ந்த காற்று. பார்த்தவன் எனக்குக் கொடுத்து வைத்தது என்றுதான் நினைத்திருப்பான். ஐந்தரைக்கு வீடு. இப்படி ஏழு வாரம். நடுவில் அம்மாவின் வளையல் ஒன்றை அடகு வைத்து அதைச் சம்பளம் என்று கொடுத்தேன். அவள் வளையலைத் தேடியபோது நானும் சேர்ந்து கட்டிலுக்கு அடியில் தேடினேன்.

அவளுக்கு இரண்டாம் நாளே தெரியும். அந்தக் கடையில் நின்றால் ரப்பர் ஷீட்டின் புகை நாற்றம் துவைக்கும் வரை சட்டையை விடாது. துவைக்க எடுத்த சட்டையில் அது இல்லை. ஏழு வாரமும் ஒன்றும் கேட்காமல் தூக்குச்சட்டி நிறையச் சோறு வைத்தாள், முட்டை பொரித்து. கேட்டிருந்தால் அன்றைக்கு நான் கோபப்பட்டிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சரி. இந்த மாசம் பணம் அனுப்ப வேண்டாம். போன மாசத்தது அப்படியே கிடக்கிறது.

குலை இன்னும் பத்து நாளில் வெட்டலாம். பைக்கில் வராதே. மழையில் முப்பந்தல் காற்று வண்டியைத் தூக்கும். ஐலண்ட் எக்ஸ்பிரஸில் ஏறு, குழித்துறையில் இறங்கு, நான் ஸ்டேஷனுக்கு வருகிறேன். சனி ஞாயிறாகப் பார்க்க வேண்டாம், எந்தக் கிழமை என்றாலும் வா.

அன்புடன்,
அப்பா