அப்பாவிடம் கொஞ்சம் பேசு

அன்புள்ள செந்தில்,

நீ அனுப்பிய பணம் வந்தது. அப்பாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் வாங்கியாயிற்று. பிள்ளை வாங்கிக் கொடுத்தது என்று பால்காரர் வரை சொல்லிவிட்டார். ஆனால் போடத்தான் மாட்டேன் என்கிறார். பேப்பர் படிக்கும்போது சிறிது நேரம் மாட்டுவார், அப்புறம் டப்பாவில் வைத்துவிடுவார். "வீட்டில் நீயும் நானும்தானே, எதைக் கேட்கணும்?" என்கிறார்.

போன வாரம் கரண்ட் போன நேரத்தில் கொல்லைக்குப் போனவர் படியில் தடுமாறி விழுந்துவிட்டார். பயப்படாதே, முழங்கையில் சிராய்ப்புதான். உனக்குச் சொல்லக் கூடாது என்றார். நீயும் தெரிந்த மாதிரிக் காட்டிக்கொள்ளாதே.

டாக்டர் பி.பி.யும் கண்ணும் பார்த்தார், சரியாக இருக்கிறது. காது எவ்வளவு கேட்கிறது என்று சோதித்து மெஷின் கொடுத்த ஆடியோலஜிஸ்ட் பெண்தான் காதைப் பற்றிச் சொன்னார். உள்காதில் கேட்பதற்கான காக்ளியாவுக்குப் பக்கத்திலேயே சமநிலைக்கான 3 அரைவட்டக் கால்வாய்கள் இருப்பதை வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு நடத்தியவள் நான். மெஷின் அந்தக் கால்வாய்களைச் சரிசெய்யாது. ஆனால் ஃபேன் ஓடுவது, குழாயில் தண்ணீர் விழுவது எல்லாம் நாம் எங்கே நிற்கிறோம் என்று மூளைக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றனவாம். இருட்டில் கண்ணும் உதவாது, மெஷினும் டப்பாவில் இருந்தால் காதும் உதவாது. அப்பாவுக்கு அன்றைக்கு அதுதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 65 வயது தாண்டிய 14 பேரைக் கண்ணைக் கட்டி மெத்தென்ற ஃபோம் மேல் நிற்க வைத்துப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மெஷின் இல்லாமல் சராசரியாக 17 விநாடி நின்றவர்கள், மெஷினோடு 26 விநாடி நின்றார்களாம். 2015-இல் வந்த ஆய்வு. 14 பேர் என்பது குறைவுதான்; மெஷின் போட்டால் விழவே மாட்டார் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனாலும் அதைப் பெட்டிக்குள் வைத்திருக்க எனக்கு மனசு வரவில்லை. தூங்கும்போது கழற்றத்தான் வேண்டும், அதற்காகக் கொல்லை வழியில் சார்ஜ் லைட் வைத்துவிட்டேன்.

தம்பி, என்னிடம் தினமும் பேசுகிறாய். தீபாவளிக்குப் பிறகு அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கீழத்தெரு மனை விஷயத்தில் நான் வாய் திறக்கப் போவதில்லை, அது உங்கள் இருவருக்குள். ஆனால் அன்றைக்கு அவர் போட்ட சத்தம் முழுக்கக் கோபம் இல்லை. காது மந்தமானவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. கடைக்காரரிடமும் இப்படித்தான் பேசுகிறார். படிக்க வைத்த பிள்ளைக்கு இது புரிய வேண்டாமா?

அவரோ போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார், ஆனால் நீ கூப்பிட்டாயா என்று வாய்விட்டுக் கேட்க மாட்டார். கேட்பதற்கு ஒரு குரல் இருந்தால் மெஷினைப் போட்டுக்கொள்வார், எனக்கு நன்றாகத் தெரியும். தினமும் பல மணி நேரம் போட்டால்தான் பழகுமாம். இப்போது பாத்திரச் சத்தமே அவருக்கு இடி மாதிரி இருக்கிறது.

பேசு, செந்தில். மனையைப் பற்றி வேண்டாம், மழையைப் பற்றிப் பேசு. நேரத்துக்குச் சாப்பிடு. பேசும்போது கத்தாதே, கத்தினால் மெஷினில் சொல் சிதறிவிடும். நிறுத்தி, ஒவ்வொரு சொல்லாகச் சொல். ராத்திரி 8 மணிக்கு மேல் கூப்பிட்டால் அவரே எடுப்பார்.

அன்புடன்,
அம்மா