படத்தில் நீ எங்கே என்று கேட்டாயே

அக்டோபர் 19

அன்புள்ள அம்மாவுக்கு,

சின்னவள் கையெழுத்தில் நீ எழுதச் சொன்ன கடிதம் வந்து பதினெட்டு நாள் ஆகிறது. இன்று எழுதலாம், நாளை எழுதலாம் என்று மேசை மேலேயே கிடந்தது. சாக்கு எதுவும் சொல்லப் போவதில்லை, சோம்பல்தான். கடைசியில் 'பாட்டி இதைச் சொல்லும்போது கோபமாக இருந்தாங்க' என்று அவள் தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருக்கிறாள். படித்துச் சிரித்தேன். அப்புறம் மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

நீ கேட்டது இரண்டு. அனுப்பின படம் எல்லாவற்றிலும் மரமும் தண்ணீரும்தானே இருக்கிறது, நீ எங்கே? ஏன் எல்லாமே மஞ்சளாக இருக்கிறது? இரண்டாவது கேள்விக்குக் கடைசியில் வருகிறேன், அதில் உன்னோடு சண்டை போட வேண்டியிருக்கிறது.

போன் திரையைப் பார்த்தால் கண் கூசுகிறது என்றாய் அல்லவா, அதனால் இந்தத் தடவை பேப்பரில் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன். மொத்தம் ஏழு. பின்பக்கம் பென்சிலில் எண் இருக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, வெளிச்சம் படத்தின் மேல் விழும்படி வைத்துப் பார். சின்னவள் எண்ணைச் சொல்லட்டும்.

இப்போதெல்லாம் வேலை மத்தியானம் மூன்று மணிக்கே முடிந்துவிடுகிறது. முன்பு மாதிரி ராத்திரி வரைக்கும் நிற்க வேண்டியதில்லை. நல்லதுதான், உடம்புக்கும் ஓய்வு. அதனால்தான் தினமும் ஏரிப் பூங்காவுக்குப் போக முடிகிறது. வீட்டிலிருந்து இருபது நிமிட நடை.

மேல்வீட்டுப் பெரியவரைப் பற்றிச் சொன்னால்தான் மற்றது புரியும். படியில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போகிறவர் என்று போனில் சொன்னேனே, அவர்தான். ஜன்னலில் நின்றபடி போனில் வானத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த என்னை எப்போதோ பார்த்திருக்கிறார் போல. செப்டம்பரில் ஒருநாள் சாயங்காலம் கதவில் இரண்டு தட்டு. திறந்தால் கழுத்தில் பழைய கேமரா ஒன்று, கையில் புதிது ஒன்று. "நாற்பது நிமிடம் இருக்கிறது" என்றார். எதற்கு என்று கேட்பதற்குள் பாதிப் படி இறங்கிவிட்டார். ஷூவை மாட்டிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். சூரியன் மறைய நாற்பது நிமிடம் என்பது ஏரிக்கரைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

கையில் இருந்த கேமரா எனக்காம். அவர் மகன் வாங்கி அனுப்பியது. மகன் வேறு ஊரில் இருக்கிறான். பெட்டியைப் பிரித்ததே இல்லை, திரைமேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை நான்தான் உரித்தேன். அவர் தொடுவது அந்தப் பழைய பிலிம் கேமராவை மட்டும். ஒரு ரோலுக்கு 36 படம். நாளைக்கு ஒன்று, மழையானாலும் ஒன்று. 36 நாள் முடிந்தால்தான் கழுவக் கொடுப்பார். அப்பா கேட்டால், "இவனுக்கென்று வந்து வாய்க்கிறது பார்" என்பார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், மனுஷன் சூரியனைப் படம் எடுப்பதே இல்லை. கரையில் அத்தனை பேரும் மேற்கே பார்த்து நிற்க, இவர் மட்டும் ஸ்டாண்டைக் கிழக்கே திருப்பி வைத்துக்கொண்டு நிற்பார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "அதை எத்தனையோ பேர் எடுத்தாகிவிட்டது" என்றார். முதலில் கிறுக்கு என்றுதான் நினைத்தேன். அப்புறம் நானும் ஒருநாள் திரும்பி நின்று பார்த்தேன். அதுதான் 1 என்று போட்டிருக்கும் படம். எதிர்க்கரையில் மேப்பிள் மரங்கள் வரிசையாக, உச்சி முதல் அடி வரை சாய்வெயிலில். நான் அதில் கலரைக் கூட்டவில்லை அம்மா, சத்தியமாக. மரமே அந்த நிறம்தான்.

கோடை முழுக்க மஞ்சள் பச்சைக்கு அடியில் மறைந்துதான் இருக்கிறதாம். குளிர் வந்து பச்சை கரைந்ததும் வெளியே தெரிகிறது, பிர்ச் மரம் அப்படித்தான் மஞ்சளாகிறது. மேப்பிளின் சிவப்பு வேறு கதை. இலை விழப்போகிற சமயத்தில் புதிதாக உண்டாகிற நிறம் அது. பகலில் நல்ல வெயில், ராத்திரி உறையாத அளவுக்குக் குளிர், இப்படிச் சில நாள் சேர்ந்து கிடைத்தால் இலையில் சர்க்கரை தங்கிச் சிவப்பு தூக்கலாக வரும். இந்த வருஷம் கிடைத்தது. கடிதத்துக்குள் ஒரு இலை வைத்திருக்கிறேன். காம்பின் நுனியை விரலால் தடவிப் பார். பிய்த்த மாதிரி இருக்காது, ஆறின புண் மாதிரி மூடி வழவழப்பாக இருக்கும். இலை விழுகிறதற்கு முன்னாலேயே அந்த இடத்தை மரம் மூடிக்கொள்கிறது. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து நடக்கும்போது கீழே கிடக்கிற காம்பை எல்லாம் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன்.

2ஆம் படம் பெரியவர் பேச்சை மீறி எடுத்தது. சூரியனேதான். முதல் பத்து நாள் எடுத்தது எல்லாம் வெளுத்த பல்பு மாதிரி வந்தது. கேமராவை அதன் போக்கில் விட்டால் சிவப்பைக் குறை என்று நினைத்துச் சரிசெய்துவிடுகிறது. வெள்ளைச் சமநிலை என்கிற நிற அமைப்பை 'மேகமூட்டம்' என்று மாற்றி, வெளிச்சத்தை இரண்டு படி குறைத்த பிறகுதான் கண்ணில் பட்டது படத்திலும் வந்தது. அந்த நேரத்தில் சூரிய வெளிச்சம் உச்சி வேளையைப்போல 38 மடங்கு காற்றைத் துளைத்துக்கொண்டு வருகிறது. நீலம் வழியிலேயே சிதறிப்போய், சிவப்புதான் மிச்சமாக வந்து சேர்கிறது. இன்னொரு கூத்து, சூரியன் தண்ணீரைத் தொடுகிற மாதிரி தெரியும்போது உண்மையில் அது கீழே போய்விட்டது. காற்று வெளிச்சத்தை வளைத்துக் காட்டுகிறது. "நீ எடுத்தது இல்லாத சூரியனை" என்று பெரியவர் சொன்னார். அன்றைக்கு அவர் பேசியது அது ஒன்றுதான்.

கையை நீட்டி, சூரியனுக்கும் அடிவானத்துக்கும் நடுவில் எத்தனை விரல் அடங்குகிறது என்று எண்ணுவார். விரலுக்குக் கால் மணி நேரம். நம்ம ஊரில் இந்தக் கணக்கு பலிக்காது, அங்கே சூரியன் கிணற்றில் விழுந்த வாளி மாதிரி நேராக இறங்கிவிடும். இங்கே 45 பாகையில் சறுக்குமரத்தில் இறங்குகிற பிள்ளை மாதிரி சாய்ந்து சாய்ந்துதான் இறங்குகிறது. மறைந்த பிறகும் அரை மணி நேரம் வெளிச்சம் நிற்கும். ஜூனில் வடக்குக் கோடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் மறைந்த சூரியன் இப்போது தெற்கே படகுத்துறை வரைக்கும் வந்துவிட்டது. பகலும் நாளைக்கு மூன்று நிமிடம் குறைகிறது.

3 கோணலாக இருக்கும், ஏரி ஒரு பக்கமாக வழிந்து ஓடுகிற மாதிரி. கனடா வாத்துக் கூட்டம் தெற்கே போகிறது என்று அவசரத்தில் எடுத்தேன். அதுகள் போடுகிற சத்தம் கல்யாண வீட்டில் பந்திக்கு இடம் பிடிக்கிற சத்தம்தான். 5 விடிகாலையில் எடுத்தது. ஏரியிலிருந்து ஆவி பறக்கிறது பார், தண்ணீர் இன்னும் சூடு ஆறவில்லை, மேலே காற்று மட்டும் குளிர்ந்துவிட்டது. 6 வெறும் பெஞ்சு. சின்னவளுக்குப் பிடிக்கும் என்று வைத்தேன், அதன் மேல் இலை உட்கார்ந்திருக்கிற விதம் அப்படி.

குளிரைப் பற்றிக் கவலைப்படாதே. கோட்டு இருக்கிறது, பெரியவர் கொடுத்தது, தோள் மட்டும் கொஞ்சம் பெரிசு. வீட்டில் ஹீட்டர் நன்றாகவே வேலை செய்கிறது, நான்தான் அதிகம் போடுவதில்லை, போட்டால் தொண்டை வறண்டுபோகிறது. குளிரில் கேமரா பேட்டரிதான் சீக்கிரம் சாகும். இன்னொன்றைச் சட்டைக்குள்ளே நெஞ்சோடு வைத்துக்கொள்வேன், சூடு பட்டால் மறுபடி உயிர் வரும். வீட்டுக்குள் நுழையும் முன் கேமராவை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். இல்லையென்றால் உள்ளே வந்ததும் லென்ஸ் மேலெல்லாம் வேர்த்துவிடும். பை வேர்க்கட்டும், கேமரா தப்பிக்கும். வாசலில் நின்று பையைக் கட்டுகிற அந்த ஒரு நிமிடம்தான் விரல் நிஜமாக வலிக்கிறது.

7 கலங்கியிருக்கும். அதை வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தேன். நேற்று எடுத்தது. வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது, ஸ்டாண்டு இல்லாமல் கையில் பிடித்துக்கொண்டிருந்தேன். பின்னால் புல்வெளியில் ஒரு குழந்தை பந்து விளையாடிக்கொண்டிருந்தது. அதன் அம்மா தூரத்திலிருந்து கூப்பிட்டாள். என்ன சொன்னாள் என்று காதில் விழவில்லை. ஆனால் அந்த ராகம் அம்மா, முதல் தடவை சாதாரணமாக, இரண்டாவது தடவை இழுத்து, மூன்றாவது தடவை "இப்ப நான் எழுந்து வரட்டுமா" என்கிற மாதிரி. நான் திரும்பிவிட்டேன். கேமராவோடு அப்படியே திரும்பிவிட்டேன், விரல் அழுத்தியிருக்கிறது. அந்த நேரம் அங்கே உனக்கு மணி நாலுகூட ஆகியிருக்காது. இங்கே மறைந்த சூரியன் உங்கள் பக்கம் எழுந்து வர இரண்டரை மணி நேரம்கூட ஆகாது, நான் கணக்குப் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் போடுகிறேன்.

திரும்பின நேரம் பார்த்துப் பெரியவர் ஸ்டாண்டிலிருந்து ஒரு கிளிக். அன்றைய ஒரே படத்தை என்மேல் செலவழித்துவிட்டார். எதற்கு என்று கேட்டால் பதில் சொல்கிறவரா அவர்? ஆக, நீ கேட்ட படம் இருக்கிறது. அது ரோலில் 25ஆவது. இன்னும் 11 பாக்கி, அப்புறம் கழுவ வேண்டும், பிரிண்ட் போட வேண்டும். வந்ததும் அனுப்புகிறேன். நான் அசையாமல் நின்றேனா தெரியாது, முகம் எப்படி இருந்ததோ. கண்ணும் மூக்கும் சிவந்து தெரிந்தால் குளிர் என்று எடுத்துக்கொள்.

சரி, இப்போது உன் கண்ணுக்கு வருகிறேன்.

4 என்று போட்டிருக்கிற படத்தில் மஞ்சள் ஒரு சொட்டு கிடையாது. சூரியன் போன பிறகு வானமும் ஏரியும் ஒரே நீலமாக நிற்கிற நேரம் அது. அதே படத்தைப் போனில் பார்த்துவிட்டுத்தான் நீ 'மஞ்சளாக' என்று எழுதச் சொல்லியிருக்கிறாய். அதைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. புரை முற்றினால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸே பழுப்பேறிவிடும், நீலம்தான் முதலில் மங்கும், விளக்கு கூசும். நீ சொல்கிறது அத்தனையும் அதுதான். டாக்டர் ஆகஸ்டிலேயே ஆபரேஷன் செய்யலாம் என்று சொன்னாராம், அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ "பையன் வரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று தள்ளிப் போட்டிருக்கிறாய்.

எனக்காகத் தள்ளிப் போடாதே. டிசம்பரில் வருகிறேன் என்று சொன்னது உண்மைதான். ஆனால் லீவு கிடைக்குமா என்று தெரியவில்லை, வருஷக் கடைசியில் வேலை நெருக்கடி அதிகமாக இருக்கிறது. வராமல் இருக்க மாட்டேன், கொஞ்சம் தள்ளி வருவேன். இந்த மாதப் பணமும் நாலு நாள் தாமதமாக வரும், வேறொன்றும் இல்லை, தம்பியிடம் சொல்லிவிட்டேன். ஆபரேஷனுக்கு எடுத்து வைத்ததை மட்டும் வேறு எதற்கும் தொடாதே. போன தடவை மாதிரி மாடித் தளம் ஒழுகுகிறது என்று அப்பா அதை எடுத்துக் கொத்தனாரிடம் கொடுத்துவிடப் போகிறார். மழைக்குத் தார்ப்பாய் போதும் என்று நான் சொன்னதாகச் சொல்.

காலையில் போனால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம், தங்க வேண்டியதில்லை. அக்கா கூட இருக்கட்டும். அத்தான் ஆட்டோ பிடித்துக் கொடுப்பார், அப்பாவின் ஸ்கூட்டரில் மட்டும் ஏறாதே. சொட்டு மருந்து சில வாரம் விட வேண்டியிருக்கும், அது சின்னவள் பொறுப்பு. நேரம் எழுதிக் காலண்டர் பக்கத்தில் ஒட்டச் சொல். டாக்டர் சரி என்று சொல்கிற வரைக்கும் தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, அடுப்பங்கரைப் புகையில் நிற்கக் கூடாது. உன்னைத் தெரியும், இரண்டாம் நாளே போய் நிற்பாய்.

ஒரு கண் ஆனதும் அந்த நாலாம் நம்பர் படத்தை எடு. செய்த கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை பார், செய்யாத கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை பார். எந்தக் கண்ணில் என்ன நிறம் என்று சின்னவளை எழுதச் சொல். எனக்கு அது தெரிய வேண்டும்.

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளிவிடுவார்கள். இதுவரை ஒன்பதரை மணி நேரம் இருந்த வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். வழக்கமான நேரத்துக்குப் போன் வரவில்லையே என்று வாசலுக்கும் உள்ளுக்குமாக நடக்காதே, ஒரு மணி நேரம் கழித்து வரும். அப்பாவிடம் இரண்டு தடவை சொல்.

எந்தக் கண் முதலில், வலதா இடதா? அதை நீயும் எழுதவில்லை, அக்காவும் சொல்லவில்லை. தேதி வாங்கினதும் இரண்டையும் சேர்த்து உடனே எழுதச் சொல்.

அன்புடன்,
உன் மகன்