ஜெர்ரியைப் பற்றி உனக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கண்ணம்மா,

நீ பார்க்கச் சொன்ன ‘பார்க்ஸ் அண்ட் ரெக்ரியேஷன்’ தொடரை ஏழு சீசனும் பார்த்து முடித்துவிட்டேன். முதல் சீசன் ஆறே எபிசோடு, அது சுமார்தான். இரண்டாவதில்தான் களைகட்டுகிறது. 2009-லிருந்து 2015 வரை என்பிசி என்ற அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஓடிய நகைச்சுவைத் தொடர். அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்தில் பானீ என்று ஒரு கற்பனை ஊர், அதன் நகராட்சியில் பூங்காத் துறை. நீயும் இப்போது நகராட்சி ஊழியர் என்பதால், ஒவ்வொரு காட்சியிலும் உன்னை வைத்தே பார்த்தேன்.

அந்தத் துறையில் வேலை பார்க்கும் லெஸ்லியை யாருக்குத்தான் பிடிக்காது? வீட்டருகே உள்ள பள்ளத்தில் ஆள் விழுந்து கால் ஒடிந்துவிட்டது என்று ஆன் என்ற நர்ஸ் கூட்டத்தில் வந்து முறையிட, அங்கே பூங்காவே கட்டித் தருகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறாள். பள்ளத்தை மூடிவிடுகிறார்கள், பூங்கா வரத்தான் வருஷக்கணக்காகிறது. நடுவில் பணமில்லை என்று மாநிலத் தணிக்கைக்காரர்கள் வந்து நகராட்சியையே கொஞ்ச நாள் இழுத்து மூடுகிறார்கள். உன் கோப்பும் இப்படி எங்கேயாவது கிடக்கும், மனம் தளராதே. அரசாங்கமே கூடாது என்கிற ரான்தான் அவளுக்கு மேலதிகாரி. கொள்கையில் இரண்டு பேரும் எதிரும் புதிரும், ஆனால் அவளுக்கு ஒன்று என்றால் அவர் சும்மா இருக்க மாட்டார். அப்படி ஒரு மேலதிகாரி உனக்கும் வாய்க்கட்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அதே அலுவலகத்தில் எல்லோரும் கேலி செய்யும் ஜெர்ரியைப் பற்றி எனக்குப் பேச வேண்டும். ஜிம் ஓஹேர் நடித்தாரே, அவர்தான். கதையில் ஜெர்ரியின் உண்மையான பெயர் கேரி. வேலைக்குச் சேர்ந்த அன்றே அப்போதைய அதிகாரி ஜெர்ரி என்று கூப்பிட்டுவிட, திருத்துவது மரியாதையாக இருக்காது என்று விட்டுவிட்டார். ஒரு எபிசோடில், கையிலிருந்த சாப்பாடு ஓடையில் விழ, எடுக்கப் போய்த் தானும் விழுந்து தோள்பட்டை நழுவிவிடுகிறது. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று, யாரோ அடித்துப் பிடுங்கிக்கொண்டு போனதாகப் பொய் சொல்கிறார். அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பே வரவில்லை. வலியோடு இருக்கிற மனிதர், கூட வேலை செய்பவர்களுக்குப் பயந்து கதை கட்டுகிறாரே! நல்லவளான லெஸ்லியும் அந்தக் கேலியில் சேர்ந்துகொள்வதுதான் இந்தத் தொடரில் எனக்கு ஒப்பாத ஒன்று. எழுதியவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும். அவர் வீட்டைக் காட்டும்போது மனைவியும் பெண்களும் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். கடைசியில் ஊருக்கு மேயராகி, நூறு வயது வரை வாழ்கிறார்.

நான் வேலை பார்த்த இடத்திலும் ஒருவர் இருந்தார். அவர் வாய் திறந்தாலே இரண்டு பேர் கண்ணால் பேசிக்கொள்வார்கள். அவர் ஓய்வு பெற்ற பிறகு, ஒரு பழைய கோப்பு எங்கே என்று தெரியாமல் அலுவலகமே தவித்தது.

நீ புதிதாகச் சேர்ந்தவள். எல்லோரும் ஒருவரைப் பார்த்துச் சிரித்தால், கூட்டத்தோடு சேர்ந்து சிரிப்பதுதான் ஒட்டிக்கொள்ள சுலபமான வழி என்று தோன்றும். அதைச் செய்யாதே. அவர் பக்கத்தில் போய் உட்கார், வேலையைப் பற்றிக் கேள். அந்த ஊரில் எந்தத் தெருவில் எப்போது என்ன தகராறு வந்தது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரிந்திருக்கும்.

அப்புறம், உங்கள் அலுவலகத்தில் அப்படி யார் இருக்கிறார்? அடுத்த முறை பேசும்போது அவரைப் பற்றிச் சொல்.

அன்புடன்,
அம்மா