நாற்காலி போட்டுக் கொடுத்த அம்மாவுக்கும் மற்ற எல்லோருக்கும்

என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று ராத்திரி ரசத்தில் உப்பு பத்தவில்லை என்று குறை சொன்னார். இனிமேல் பயமில்லை என்று நானே முடிவு கட்டிக்கொண்டு இதை எழுத உட்கார்ந்திருக்கிறேன். நடந்தது உங்கள் எல்லோருக்கும் தெரியும். திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

முதல் நன்றி, எங்களை யாரென்றே தெரியாத ஒருவருக்கு. தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் வேலை பார்க்கிற ஓர் அம்மா அவர்.

ஐசியூவுக்குள் காலையில் கொஞ்ச நேரம், சாயங்காலம் கொஞ்ச நேரம்தான் விடுவார்கள். நடுவில் கிடக்கிற பகல்பொழுதை என்ன செய்வதென்றே தெரியாது. வராந்தாவில் இருந்தால் பக்கத்தில் இருப்பவர்களின் கவலையும் சேர்ந்து நெஞ்சை அடைக்கும். "கொஞ்சம் வெளியில போயிட்டு வாம்மா" என்று மகன்தான் ஆட்டோ பிடித்துவிட்டான். எங்கே என்று டிரைவர் கேட்டதும் வாயில் வந்தது அரண்மனை.

அங்கே திருவெண்காட்டிலிருந்து வந்த ரிஷபவாகனரான சிவன் நிற்கிறார். ராஜராஜன் காலத்துச் செப்புத் திருமேனி, 1011இல் செய்தது. மூன்றரை அடி உயரம் இருக்கும். சடையைத் தலைப்பாகை போலச் சுற்றி, அதில் பாம்பு. ஒரு காலைக் குறுக்கே மாற்றி வைத்து ஒயிலாகச் சாய்ந்திருக்கிறார். எதன்மேல் என்று பார்த்தால், ஒன்றுமில்லை. கூட நின்ற காளை எப்போதோ காணாமல் போய்விட்டது. அதன்மேல் போட்டிருந்த கை மட்டும் மடங்கினபடியே அந்தரத்தில் நிற்கிறது.

எவ்வளவு நேரம் நின்றேனோ. அந்த அம்மா தன் பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். முன்னால் போடவில்லை, சிலைக்குப் பக்கவாட்டில் போட்டார். "நேரா நின்னா அழகு மட்டும்தாம்மா தெரியும். இங்கேருந்து பாருங்க, கை தெரியும்." என் கையில் இருந்த ஆஸ்பத்திரி பாஸைப் பார்த்திருப்பார் போல. யாருக்கு, என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் போனபோது நாற்காலி அதே இடத்தில் எனக்கு முன்பே போட்டிருந்தது. அதற்கப்புறமும் அப்படித்தான். அவர் அந்தப் பக்கம் ஜன்னல் திண்டில் உட்கார்ந்துகொள்வார்.

என் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது முழங்கையை என் தோளில் ஊன்றிக்கொள்வார். கல்யாணமான நாளிலிருந்து. நாலு பேர் பார்க்கிறார்கள் என்று நான் தட்டிவிடுவேன், அடுத்த நிமிஷம் கை திரும்ப அங்கேயே இருக்கும். எங்கள் தலைமுறையில் ஆசையைச் சொல்லவெல்லாம் யாருக்கு வந்தது? இப்படி ஒரு கனம், அவ்வளவுதான். அந்த நாற்காலியில் உட்கார்ந்துதான் அழுதேன். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டு வரவில்லை.

பக்கத்தில் நிற்கும் உமையை அடுத்த வருஷம், 1012இல்தான் செய்து சேர்த்தார்களாம். வருகிறவர்கள் அந்த ஜோடியைத்தான் பார்க்கிறார்கள். எனக்கு மட்டும் காளை நினைப்பு. வார்டுக்கு மாற்றின அன்று இவரிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மாடுன்னு நீயே ஒத்துக்கிட்டியே" என்றார். நர்ஸ் சிரித்துவிட்டது.

அம்மா, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. டாக்டர் பயணம் போகலாம் என்றதும் இவரைக் கூட்டிக்கொண்டு வருகிறேன். கோயிலுக்கு வேண்டிக்கொண்டது பிறகுதான், முதலில் நீங்கள்.

அப்புறம், ராத்திரி என்றும் பாராமல் வந்து ரத்தம் கொடுத்த பிள்ளைகள், மாடியில் துளசிக்குத் தண்ணீர் ஊற்றிய எதிர்வீட்டு அக்கா, கணக்குப் பார்க்காமல் பணம் அனுப்பிய மச்சினர், டிரிப்ஸ் இறங்குவதைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்ட நர்சுகள், பெரிய டாக்டர், சின்ன டாக்டர், எல்லோருக்கும் சேர்த்துக் கும்பிடு. தனித்தனியாக எழுத இந்த மடல் தாங்காது.

ஒரு விஷயம். எங்கள் வீட்டு அடுக்களையில் யாருடையது என்று தெரியாத டிபன் கேரியர்கள் நிற்கின்றன. ஒன்றில் மூடிக்குக் கீழே 'மு.ரா.' என்று பேர் வெட்டியிருக்கிறது. வெறும் பாத்திரமாகத் திருப்பித் தர மனசில்லை. உங்களுடையது என்றால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமை அதிரசம் சுடப்போகிறேன்.